கசடு என்பது நோயின் பெயரல்ல

போன மாசியில் ஒரு அம்மா தன் லாப்ரடாரை அழைத்துக்கொண்டு வந்தார். 9 வயது ஆண் நாய். உள்ளே நுழைந்ததும் எடைப் பலகையை முகர்ந்து பார்த்தது, என் செருப்பை முகர்ந்து பார்த்தது, பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துப் படுத்துக்கொண்டது. அம்மாவின் கையில் கனத்த கோப்பு ஒன்று. மூன்று ஆண்டுகளில் எடுத்த ஆறு ஸ்கேன் அறிக்கைகள் அதில் இருந்தன. ஆறிலும் ஒரே வரி: பித்தப்பையில் கசடு. அந்த ஒரு வரிக்காக அந்த நாய் மூன்று ஆண்டுகளாக இரண்டு வேளையும் மாத்திரை விழுங்கிவருகிறது. முட்டை நின்றுபோயிற்று, கறி நின்றுபோயிற்று, கஞ்சியும் தயிர்ச்சோறும் மட்டும்தான். “லிவர் போயிருச்சுன்னு சொன்னாங்க டாக்டர். இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பான்னு மட்டும் சொல்லுங்க, மனசைத் தேத்திக்கிறேன்” என்றார்.

முதல் ஸ்கேனை எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டேன். காது அரிப்புக்கு ஊசி போடப் போன இடத்தில் ரத்தம் பார்த்தார்களாம், ஏதோ ஒரு எண் கூடியிருந்ததாம், அதனால் ஸ்கேன். நாய் அதற்கு முன்னும் பின்னும் வாந்தி எடுத்ததில்லை. சாப்பாட்டை ஒதுக்கியதில்லை. கண்ணோ ஈறோ மஞ்சளானதில்லை. அந்த நாய்க்குப் பித்தப்பை நோய் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கவில்லை.

நம் செல்லப்பிராணி மருத்துவத்தில் இன்று வேரோடியிருக்கும் எண்ணம் ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக்குள் சாம்பல் நிறமாக எதுவும் தெரிந்தால் அது நோய், கறுப்பாகத் தெளிந்து தெரிந்தால் நலம் என்பதே அது. மருத்துவர்கள் அப்படிப் படிக்கிறார்கள், நாய் வளர்ப்பவர்களும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டார்கள். கசட்டைக் குறிக்கும் ‘ஸ்லட்ஜ்’ என்ற சொல் இப்போது நாய் வளர்ப்போர் வீடுகளில் சர்க்கரை, பிரஷர் போலப் புழங்குகிறது. இந்த எண்ணம் முழுக்கத் தவறு என்பதே என் வாதம். நோயில்லாத நாயை அது நோயாளியாக்குகிறது. அதைவிடக் கொடுமை, உயிர்போகும் நோய் உள்ள நாயையும் அதே ‘கசடு’ என்ற சொல்லால் மூடி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

நாயின் பித்தப்பை, கல்லீரலின் வலப்பக்க மடல்களுக்கிடையே செருகிவைத்த சின்னப் பேரிக்காய் போன்றது. கல்லீரல் ஓயாமல் சுரக்கும் பித்தநீரை வாங்கிவைத்துக்கொண்டு, அதிலிருக்கும் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, நாய் சாப்பிட்டதும் சுருங்கிக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. கெட்டியாக்குவதே வேலை என்றிருக்கும்போது கெட்டியான பித்தம் அடியில் படிவதில் என்ன வியப்பு? இரவு முழுக்க அசையாமல் வைத்த டிகாஷன் பாத்திரத்தின் அடியில் வண்டல் நிற்கவில்லையா? நாயின் பித்தத்தில் படிவதும் அத்தகையதுதான்: பித்த நிறமியும் சுண்ணாம்பும் சேர்ந்த துகள்கள், கொழுப்புப் படிகங்கள், சுவர் சுரக்கும் சளி. ஸ்கேனுக்கு முன் 8 மணி, 12 மணி நேரம் பட்டினி போடச் சொல்கிறோம். உடம்பு சரியில்லாத நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்திருக்கும். பித்தப்பை சுருங்கவே வாய்ப்பில்லாத நிலையை நாமே உண்டாக்கிவிட்டு, உள்ளே வண்டல் இருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறோம்.

இதை என் அனுபவத்தை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. 1998-இலேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நலமான நாய்கள், கல்லீரல்-பித்த நோயுள்ள நாய்கள், வேறு நோயுள்ள நாய்கள் என்று மூன்று கூட்டத்தையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்ட ஆய்வு அது. மூன்று கூட்டத்திலும் ஏறக்குறைய பாதி நாய்களுக்குக் கசடு இருந்தது. கூட்டங்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கசடு இருந்த நாய்களுக்கு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். பிறகு 2016-இல் நலமான நாய்களை ஓராண்டு விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கசடு மறையவும் இல்லை, நாய் நோய்ப்படவும் இல்லை. நலமான நாய்களில் பாதிக்கும், நோயுள்ளவற்றில் பாதிக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றை வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நரைத்த முடியைப் பார்த்து நோய் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இந்தச் சேதி வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் அறிக்கைகளை அது இன்னும் எட்டவில்லை.

போதாக்குறைக்கு, திரையில் தெரியும் கசடு எல்லாம் கசடும் அல்ல. ஒலியலைக் கற்றைக்குத் தடிமன் உண்டு. பித்தப்பையின் வளைந்த ஓரத்தில் அந்தக் கற்றையின் ஒரு பகுதி பித்தநீரிலும் மறுபகுதி சுவரிலும் விழும்போது, இயந்திரம் இரண்டையும் கலந்து உள்ளே ஒரு சாம்பல் படலத்தை வரைந்து காட்டிவிடும். உண்மையான வண்டல் தரையை நோக்கிப் படியும். அதன் மேற்பரப்பு குளத்து நீர்போலக் கிடைமட்டமாக நிற்கும். பொய்க் கசடோ கற்றை வரும் திசைக்குக் கட்டுப்பட்டது. கருவியை வேறு கோணத்தில் பிடித்தால் அதுவும் இடம் மாறும். இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை எத்தனை பேர் செலவிடுகிறோம்?

மனிதப் பித்தப்பையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு நாயின் பித்தப்பையைப் பார்ப்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதர்களுக்குக் கல் பெரிய நோய். நம் குடும்பங்களில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்ட ஒருவராவது இருப்பார். அந்தப் பயத்தை நாயின் மேல் ஏற்றிவிடுகிறோம். நாய்க்குக் கல் வருவது குறைவு. வந்தாலும் பெரும்பாலும் அது பாட்டுக்கு அங்கே கிடக்கும், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். மனிதக் கல் பெரும்பாலும் கொலஸ்டிராலால் ஆனது. அதைக் கரைக்கக் கொடுக்கும் உர்சோடியாக்சிகோலிக் அமிலத்தைத்தான் நாய்க்கும் எழுதுகிறோம். நாயின் கல்லோ பெரும்பாலும் சுண்ணாம்பும் நிறமியும் சேர்ந்தது. அந்த மாத்திரைக்கு அது கரையாது. மாத்திரைக்கு வேறு பயன்கள் உண்டு, பித்தம் ஓட உதவும், கல்லீரல் செல்களைக் காக்கும். அதை நான் மறுக்கவில்லை. தேவையான நாய்க்கு நானும் எழுதுகிறேன். நோயே இல்லாத இடத்தில் எதைக் காக்கப்போகிறது என்பதே என் கேள்வி.

இனி அந்த லாப்ரடாரின் கூடிய எண்ணுக்கு வருகிறேன். ஏ.எல்.பி. என்று ரத்த அறிக்கையில் வரும் அல்கலைன் பாஸ்பட்டேஸ். அது கூடினால் கல்லீரல் என்று கைகாட்டுவது வழக்கம். ஆனால் நாய்க்கென்றே ஒரு விசித்திரம் உண்டு: ஸ்டீராய்டு உடம்பில் ஏறினால் நாயின் கல்லீரல் இந்த நொதியின் தனி வகை ஒன்றை உற்பத்தி செய்கிறது. மாத்திரை, ஊசி மட்டும் அல்ல, காதில் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால்கூட எண் ஏறும். வளரும் குட்டிக்கும் ஏறும், வலிப்பு மருந்து சாப்பிடும் நாய்க்கும் ஏறும். நம் ஊரில் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போடாத நாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊசி போடுகிறோம், எண் ஏறுகிறது; எண் ஏறியதால் ஸ்கேன் எடுக்கிறோம், பாதி நாய்களுக்கு இருப்பது இதற்கும் இருக்கிறது; இரண்டையும் முடிச்சுப்போட்டுப் ‘பித்தப்பை நோய்’ என்கிறோம். அந்த லாப்ரடாருக்கு மாதம் ஒரு ஊசி போய்க்கொண்டிருந்தது. அரிப்புக்கு வேறு வழி பார்த்து ஊசியைப் படிப்படியாக நிறுத்தினோம். மூன்று மாதத்தில் எண் தானே இறங்கிவிட்டது. கசடு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

“சந்தேகம்னா மாத்திரை குடுக்கிறதுல என்ன சார் தப்பு? நல்லதுதானே பண்ணும்?” என்று இளைய மருத்துவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நல்ல மருத்துவர், நோயாளியின் மேல் அக்கறை உள்ளவர். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஏ.எல்.பி. கூடிய நாய் நிறையத் தண்ணீர் குடிக்கிறதா, வயிறு தொங்குகிறதா, முடி உதிர்கிறதா, இரவில் எழுந்து மூச்சு வாங்குகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்க விடாமல் அந்த மாத்திரை வாயடைத்துவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று விடை வந்தால், உடம்பே ஸ்டீராய்டை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயைத் தேட வேண்டும். தைராய்டு குறைவையும் ரத்தக் கொழுப்பையும் பார்க்க வேண்டும். பெயர் ஒன்று கிடைத்துவிட்டதால் தேடல் நின்றுபோகிறது. மாத்திரை எழுதியதன் முதல் தீங்கு அதுதான். முழுக்க அடைபட்ட பித்தக்குழாயோடு வரும் நாய்க்குப் பித்தத்தை ஓடச் செய்யும் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது இரண்டாவது தீங்கு. மூன்றாவதை மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை: இன்றோ நாளையோ என்று மூன்று ஆண்டுகள் நாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழித்த அந்த அம்மாவின் இரவுகள்.

இதுவரை சொன்னது எளிய பாதி. மறுபாதியைச் சொல்ல என் தவறொன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் பெண் நாய், 11 வயது. அவ்வப்போது வாந்தி, கொஞ்சம் மந்தம். மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் செய்தேன். பித்தப்பை பெரிதாக, உள்ளே நிறைந்து தெரிந்தது. ‘பித்தப்பை விரிந்துள்ளது, கசடு நிறைந்துள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கசடு ஒரு பொருட்டில்லை என்று அப்போதே அறிந்திருந்தேன். அந்த அறிவே என்னை மெத்தனமாக்கியது. 11 நாள் கழித்து இரவில் அந்த நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். வயிற்றைத் தொடவிடவில்லை. ஊசியில் எடுத்த வயிற்று நீர் பச்சை கலந்த பழுப்பாக இருந்தது. விடியும் முன் இறந்துபோயிற்று. மறுநாள் பழைய பதிவை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நடுவில் வெளுத்த பித்தம், சுற்றிலும் கருத்த வளையம், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மெல்லிய ஆரக்கோடுகள். முதல் நாளே எல்லாம் அங்கேதான் இருந்தது. நான் நாயை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் உள்ளே எதுவும் நகரவில்லை என்று தெரிந்திருக்கும்.

அதன் பெயர் மியூக்கோசீல். பித்தப்பையின் உட்சுவர் அளவுக்கு மீறிச் சளியைச் சுரந்து, அந்தச் சளி பசைபோல இறுகி, பித்தத்தை நடுவில் நெருக்கி, கடைசியில் பை முழுவதையும் கெட்டியான கூழாக்கிவிடும் நோய். குறுக்கே வெட்டிய எலுமிச்சை போலத் தெரியும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன்; பாடநூல்களில் கிவிப் பழம் என்று இருக்கும். 1995-இல் இரண்டு நாய்களின் கதையாக அல்ட்ராசவுண்டு வர்ணனையோடு இது இதழில் வந்தது; 2000-இல் 14 நாய்களின் தொகுப்பு வந்தது; இன்று நாய்களின் பித்தப்பை அறுவைக்கு முதன்மையான காரணங்களில் ஒன்றாகிவிட்டது. ஷெட்லாந்து ஷீப்டாக், காக்கர் ஸ்பேனியல், மினியேச்சர் ஷ்னாசர் ஆகிய இனங்களில் கூடுதல். குஷிங் நோயுள்ள நாய்க்கு இது வரும் வாய்ப்பு, அந்நோய் இல்லாத நாயைவிட 29 மடங்கு என்று 2009-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏ.எல்.பி. கூடிய நாயிடம் குஷிங்கைத் தேடச் சொன்னேனே, அதன் கனம் இங்கேதான் தெரிகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கசடு உள்ள பித்தப்பை சாப்பாட்டுக்குப் பின் மந்தமாகத்தான் சுருங்குகிறது. மியூக்கோசீல் உள்ளதும் அப்படியே. ஆகவே கசடுதான் மியூக்கோசீலின் முதல் படி, இப்போதே மருந்து கொடுத்துத் தடுப்போம் என்கிறார்கள். மந்தமாகச் சுருங்குவது உண்மை. அதிலிருந்து ஒவ்வொரு கசடும் மியூக்கோசீலை நோக்கி நடக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. வயதான நாய்களில் பாதிக்குக் கசடு இருக்கிறது. மியூக்கோசீல் வருவதோ அவற்றுள் மிகச் சிலவற்றுக்கு. அந்தச் சிலவற்றை எப்படிப் பொறுக்கியெடுப்பது? கசடுள்ள எல்லா நாய்க்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துப் பொறுக்கியெடுக்க முடியாது. அசைகிறதா என்று பார்த்துத்தான் முடியும்.

ஆகவே நாயைத் திருப்புங்கள். மல்லாக்க வைத்துப் பார்த்ததை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், பிறகு நிற்க வைத்து வயிற்றின் அடியிலிருந்து பாருங்கள். சில நிமிடம் பொறுங்கள். கெட்டியான வண்டல் மெதுவாகத்தான் சரியும். தாழ்ந்த பக்கத்துக்குச் சரிந்து வந்தால் அது வண்டல். எப்படித் திருப்பினாலும் பைக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தால், அல்லது சுவரை ஒட்டிக் கருத்த வளையம் தெரிந்தால், ஆரக்கோடு இன்னும் தெரியாவிட்டாலும் எச்சரிக்கையாகுங்கள். அசையாத பித்தத்தை மியூக்கோசீலின் முதல் வகையாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அறிக்கையில் ‘கசடு’ என்ற ஒரே சொல் இந்த இரண்டு நாய்களுக்கும் எழுதப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்று 14 வயதுவரை வாழும், மற்றது இரண்டு வாரத்தில் சாகலாம்.

‘ஸ்கேனில் பை உடையவில்லை’ என்ற ஆறுதலையும் இதே மூச்சில் மறுக்க வேண்டும். மியூக்கோசீல் உள்ள 219 நாய்களை ஆராய்ந்து 2018-இல் வந்த முடிவு இது: பித்தப்பை உண்மையிலேயே உடைந்திருந்த நாய்களில் ஸ்கேன் சரியாகக் கண்டது 56.1 விழுக்காட்டைத்தான். உடைந்திருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் நம்பலாம், உடையாதவற்றில் 91.7 விழுக்காட்டை அது சரியாகவே சொன்னது. உடையவில்லை என்று சொல்லும்போதுதான் ஐயப்பட வேண்டும். பைக்கு வெளியே கொழுப்பு பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறதா, கல்லீரல் மடல்களுக்கிடையே ஒரு சொட்டு நீர் நிற்கிறதா என்று தேட வேண்டும். நீர் இருந்தால் ஊசியால் எடுத்து, அதிலுள்ள பிலிருபின் என்ற பித்த நிறமியையும் ரத்தத்தின் பிலிருபினையும் ஒப்பிட வேண்டும். வயிற்று நீரில் ரத்தத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பித்தம் கசிகிறது என்று பொருள். ஸ்கேன் கருவி செய்ய முடியாததை ஓர் ஊசியும் ஒரு சோதனைக் குழாயும் செய்துவிடும்.

மஞ்சள் காமாலையோடு வரும் நாயிடம் ஸ்கேன் மீதான நம்பிக்கை வேறு உருவில் நம்மை ஏமாற்றுகிறது. நம் ஊரில் ஈறு மஞ்சளான நாய் வந்தால் பித்தக்குழாயை நினைப்பதற்கு முன் உண்ணிக் காய்ச்சலையும் எலிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். உண்ணி பரப்பும் பபேசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்தும் ஈறு மஞ்சளாகும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று பார்ப்பதும் ஸ்கேனுக்கு முன் நடக்க வேண்டியவை. நடப்பதில்லை. நேரே ஸ்கேன், பித்தப்பைச் சுவர் தடித்துத் தெரிகிறது, ‘பித்தப்பை அழற்சி’ என்று அறிக்கை. சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தடிப்பு என்போம். ஆனால் சுவர் தடிக்க அழற்சி ஒன்றுதானா காரணம்? ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் தடிக்கும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் தடிக்கும். குளவி கொட்டி ஒவ்வாமையில் சரிந்து விழுந்த நாய்க்கு, சில நிமிடங்களிலேயே பித்தப்பையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டதுபோல் நீர்கோத்துவிடும். அந்த நாய்க்குப் பித்தப்பையில் ஒன்றுமே இல்லை. சோறு தின்றுவிட்டு வந்த நாயின் பை சுருங்கியிருப்பதால்கூடச் சுவர் தடித்துத் தெரியும். அழற்சி என்றே ஐயம் இருந்தால், மியூக்கோசீல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் பித்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பலாம். ஆண்டிபயாடிக்கை ஊகித்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

‘குழாய் விரியவில்லை, ஆகவே அடைப்பில்லை’ என்ற வரியும் பல அறிக்கைகளில் வருகிறது. நாயின் பொதுப் பித்தக்குழாய் 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பல நலமான நாய்களில் கண்ணுக்கே அகப்படாது. 1982-இல் நாய்களின் பித்தக்குழாயைக் கட்டிவைத்து ஒவ்வொரு நாளும் ஸ்கேன் செய்து பார்த்த பரிசோதனை ஒன்று நடந்தது. முதல் 24 மணி நேரத்தில் பித்தப்பை உப்பியது. கல்லீரலுக்கு வெளியே உள்ள குழாய்கள் விரிய 2, 3 நாள் பிடித்தது. கல்லீரலுக்குள் உள்ள குழாய்கள் விரிய 5 முதல் 7 நாள் ஆயிற்று. முதல் நாள் ஸ்கேன் இயல்பாக இருந்தால் அதற்கு அர்த்தம் என்ன? முதல் நாள் ஸ்கேன் செய்தோம் என்பதுதான். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். ரத்தத்தில் பிலிருபின் ஏறிக்கொண்டே போனால் திரையைவிட ரத்தத்தை நம்புங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: நாய்க்குக் குழாய் விரிவதற்குப் பெரிய காரணம் கணைய அழற்சி. வீங்கிய கணையம் பக்கத்தில் ஓடும் குழாயை நெரிக்கிறது. அழற்சி தணிந்தால் பல நாய்களில் குழாய் தானே திறந்துகொள்கிறது. விரிந்த குழாயைப் பார்த்த மாத்திரத்தில் கத்தியைத் தேடுவதும் தவறு.

காமாலை என்றதும் வீட்டில் மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துப் புகட்டுகிறார்கள். பாட்டி காலத்து அன்பு அது, பழிக்க மாட்டேன். ஆனால் அடைபட்ட நாய்க்கும் ரத்தம் உடையும் நாய்க்கும் அந்த மூன்று நாள் மிகப் பெரிய காலம். முதலில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் அஞ்சும் அறுவை. மியூக்கோசீல் என்று உறுதியான பின்பும் ‘மருந்தில் ஓட்டிப் பார்ப்போம், முடியாதபோது ஆபரேஷன்’ என்பதே பெரும்பாலோர் கருத்து. வயதான நாய், மயக்க மருந்து, செலவு என்று தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தின் விலையை யாராவது கணக்கிட்டார்களா? கணக்கிட்டார்கள். பித்தப்பை அகற்றிய 70 நாய்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வில், நிலைமை முற்றும் முன் திட்டமிட்டுச் செய்த அறுவையில் இறந்தவை 2 விழுக்காடு. வேறு வழியின்றி அவசரமாகச் செய்ததில் 20 விழுக்காடு. அதே கத்தி, அதே பை, நாள்தான் வேறு. மருந்தில் நெடுநாள் வாழ்ந்த நாய்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2019-இல் வெளிவந்த ஒப்பீட்டில் மருந்து மட்டும் பெற்றவற்றின் நடு வாழ்நாள் 1340 நாள், அறுவை செய்தவற்றுக்கு 1802 நாள். மருந்தும் அறுவையும் இரண்டும் தேவைப்பட்டவற்றுக்கு 203 நாள். மூன்று கூட்டமும் ஒரே அளவு நோயோடு வந்தவை என்று சொல்ல முடியாது; எண்களை அப்படியே எடைபோடக் கூடாது. ஆனாலும் ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு அந்த 203 சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல் போக முடியாது. அறிகுறி லேசாக இருக்கும்போதே, காமாலை தொடங்கும் முன்பே, அறுவை வசதியுள்ள மருத்துவமனையைத் தேடிப் போங்கள் என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். போக முடியாதவர்களுக்கு மருந்து எழுதி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச்சொல்கிறேன். என்ன நடந்தால் அன்றே ஓடிவர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்: வாந்தி, வயிற்றுவலி, மஞ்சள், திடீர்ச் சோர்வு.

ஒரு நாளைக்கு 40 நாய் வரும் இடத்தில் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரம் ஏது என்பார்கள். எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். எல்லா நாயையும் திருப்பச் சொல்லவில்லை; ‘கசடு’ என்று எழுதக் கை எழும்போது மட்டும் திருப்புங்கள். மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடம் இல்லையென்றால் அந்தச் சொல்லை எழுதாமல் விடுங்கள். எழுதிவிட்டால் அது மூன்று ஆண்டு மாத்திரையாகும், அல்லது என் ஸ்பிட்ஸுக்கு ஆனதுபோல் ஆகும்.

அறிக்கையைக் கையில் வாங்குகிறவர்களும் கேட்கலாம். நாய் பட்டினியில் இருந்ததா, திருப்பிப் பார்த்தபோது உள்ளே இருப்பது நகர்ந்ததா, சுவருக்கு வெளியே கொழுப்பு எப்படி இருந்தது, குழாய் தெரிந்ததா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஸ்கேன் எழுதும் தோழர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘கசடு’ என்று எழுதினால், அதே வரியில் அது அசைந்ததா அசையவில்லையா என்பதையும் எழுதுங்கள்.